படகிற்கு வர்ணம் பூசும் முறை: மீனவர் ஐக்கிய சங்கத்தினருக்கு ஒரு பாடம்

குடியானவனுக்கு நிலம் எவ்விதமோ, கடலை நம்பி ஜீவனம் செய்வோனுக்குப் படகு அவ்விதமே. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பேதம் உண்டு. நிலத்தை ஒரு வருஷம் தரிசாக விட்டாலும் அது மறுவருஷம் விளையும். மரப்படகை ஒரு வருஷம் கவனியாது கடல் நீரில் நிறுத்திவைத்தால் மறுவருஷம் அதன் அடிப்பலகை விறகிற்கும் உதவாது. இவ்வாறு படகு கெடாதபடி காக்கும் உபாயங்களில் முதன்மையானது வர்ணம் பூசுதலாகும்.

வர்ணம் என்பது படகிற்கு அழகூட்டும் பொருட்டுச் செய்யப்படும் செலவு என்று பலர் எண்ணுகின்றனர். ஆகையால் கையில் பணம் குறைந்த வருஷத்தில் முதலாவதாக நிறுத்தப்படும் செலவும் அதுவேயாகிறது. இது பெருந்தவறு. அணியத்தில் எழுதும் பெயரும் பூவேலையும் அலங்காரமாகலாம். நீர்மட்டத்திற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூசும் வர்ணமோ படகின் ஆயுளுக்கு வேலியாகும். அதனை எப்பொழுது, எவ்விதம், எவ்வளவு பூசவேண்டும் என்பதும், சங்கம் இதில் என்ன செய்யக்கூடும் என்பதும் இப்பாடத்தில் கூறப்படும்.

1. படகின் சத்துருக்கள்

மரப்படகைக் கெடுப்பவை மூன்று. முதலாவது கப்பற்புழு. பெயரளவில் இது புழுவாயினும் உண்மையில் சிப்பியினத்தைச் சேர்ந்த ஒரு பிராணியாகும். இதன் குஞ்சுகள் லட்சக்கணக்கில் கடல் நீரில் மிதந்து திரிகின்றன. வர்ணமில்லாத மரம் கிடைத்தவுடன் குண்டூசித் தலையளவு துளையிட்டு உள்ளே புகுந்துவிடுகின்றன. தலைப்புறத்திலுள்ள இரண்டு சிறு ஓடுகளே இதற்கு அரமாகும். மரத்தை அராவித் தின்றுகொண்டு உள்ளேயே வளர்ந்து ஓரடிக்கு மேலும் நீளும். தான் செல்லும் வழிக்குச் சுண்ணாம்புப் பூச்சும் இட்டுக்கொள்ளும். எவ்வளவு வளர்ந்தாலும் வெளியே தெரியும் துளை மாத்திரம் பெரிதாவதில்லை. ஆகையால் மேலுக்கு நன்றாகத் தோன்றும் பலகை உள்ளே தேன்கூடு போலாகியிருக்கும். உஷ்ண தேசக் கடல்களில் காப்பில்லாத பலகை சில மாதங்களுக்குள் இந்நிலையை அடைந்துவிடும். 1730-களின் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்துக் கடற்கரை அணைகளின் மரக்கட்டுகளை இப்பிராணி அரித்தமையால், அத்தேசத்தார் பெருஞ்செலவில் அவ்விடங்களைக் கல்லாற் கட்டும்படி நேரிட்டது.

இரண்டாவது கொட்டலசு. பாறைகளிலும் படகின் அடியிலும் வெண்மையான சிறு கூம்புகளாக ஒட்டிக்கொண்டிருப்பது இதுவே. இது நண்டு, இறால் இனத்தைச் சார்ந்தது. மரத்தைத் தின்பதில்லை. ஆயினும் வழவழப்பாயிருந்த அடிப்பாகத்தைக் கரடாக்கிவிடுகிறது. பாசியும் இதனோடு சேர்ந்துகொண்டால், முன்சென்ற வேகத்தில் செல்வதற்கே யந்திரம் அதிக எண்ணெய் குடிக்கும். படகுக்காரர் இந்நஷ்டத்தை எண்ணெய்க்கடையில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றாரேயன்றி, அது படகின் அடியிலிருந்து வந்தது என்று உணர்வதில்லை.

மூன்றாவது வெயிலும் மழை நீரும். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்திற்கு உப்பு நீர் ஏற்காது, நல்ல நீரே ஏற்கும். ஆகவே கடல் நீரில் நனையும் அடிப்பலகையைக் காட்டிலும், மழை நீர் தேங்கும் மேல்தட்டும் உட்புற மூலைகளும் வங்குகளின் தலைப்புறமும் முந்தி உளுத்துப்போவதைக் காணலாம். வெயில் மேற்பூச்சை வறட்டிப் பொடியாக்கி வெடிக்கச் செய்யும். அவ்வெடிப்பின் வழியே மழை நீர் இறங்கும். கண்ணாடியிழைப் படகுகளைப் பூஞ்சணமும் கப்பற்புழுவும் நேரே தீண்டுவதில்லை. எனினும் கொட்டலசு அவற்றிலும் ஒட்டும், வெயில் அவற்றின் மேற்பூச்சையும் கெடுக்கும். உள்ளே வைத்திருக்கும் மரச்சட்டங்களில் நீர் இறங்கினால் அவையும் உளுக்கும். ஆகையால் அவற்றையுடையோருக்கும் இப்பாடத்தின் பெரும்பகுதி பொருந்தும்.

2. முன்னோர் கண்ட உபாயங்கள்

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்திற்கு வர்ணம் பூசும் வழக்கம் இல்லை. அதற்கு அது தேவையாகவும் இல்லை. வேலை முடிந்தவுடன் கரையேற்றிக் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலரவைப்பார்கள். நாள்தோறும் உலரும் மரத்தில் கப்பற்புழு தங்கி வளர இடமில்லை. மேற்குக் கரையில் வள்ளங்களுக்கு மத்தி எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் பூசிவந்தனர். அரபிக் கடலில் ஓடிய பாய்க்கலங்களின் அடிப்பாகத்திற்குச் சுண்ணாம்பையும் மிருகக் கொழுப்பையும் குழைத்து அப்பினர். பலகைப் பொருத்துக்களுக்குப் பஞ்சும், எண்ணெயில் உருக்கிய குங்கிலியமும் உபயோகமாயின.

விசைப்படகுகள் பெருகியபின் நிலைமை மாறியது. கரைக்கு இழுக்கப்பட்ட கலம் போய், துறைமுகத்தில் இரவும் பகலும் நீரிலேயே நிற்கும் கலம் வந்தது. உலர்த்தி மரத்தைக் காத்த பழைய முறை இதற்கு இயலாது. நீரில் நிற்கும் படகிற்கு நீரில் நிற்கும் காப்பே வேண்டும்.

இக்காப்பு செம்பிலிருந்து கிடைக்கும் என்பது ஐரோப்பியக் கடற்படைகளில் தெரியவந்தது. 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் மூடி மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். திரும்பிவந்தபோது புழு தீண்டாத மரம் காணப்பட்டது. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டுப் போயிருந்தன. தகடுகளோடு வந்த காகிதம் செம்பிற்கும் இரும்பிற்கும் இடையே அகற்றப்படாதிருந்த இடத்தில் மாத்திரம் ஆணிகள் பிழைத்தன. உப்பு நீரில் செம்பும் இரும்பும் நேரே தொடலாகாது என்னும் பாடம் அன்று கற்றதாகும்.

பின்பு 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி, செம்பு கரைந்து போகாதிருக்கும்படி அதனோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கொட்டலசும் பாசியும் அதன்மேல் தாராளமாக வளர்ந்துவிட்டன. இதிலிருந்து விளங்கும் உண்மை யாதெனில், செம்பு சிறிது சிறிதாக நீரில் கரைவதே காப்பு என்பதாகும். இக்காலத்தில் அடிப்பாகத்திற்கென விற்கப்படும் வர்ணங்களில் பெரும்பான்மையானவை செப்புத்துரு கலந்தவை. பல படகுகளின் அடி சிவந்திருப்பதற்கும் அதுவே ஆதியில் காரணம். இவ்வர்ணம் நாளடைவில் கரைந்து தீர்ந்துபோவது அதன் குற்றமன்று, அதன் தொழிலாகும். தீர்ந்தபின் மறுபடி பூசாதிருப்பதே குற்றம்.

3. பூசுவதற்கு ஏற்ற காலம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விதிக்கப்பட்ட இவ்வோய்வு, படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கவும் தகுந்த காலமாகிறது. காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம் முதலிய துறைகளில் இந்நாட்களில் சுத்தியலோசையும் வர்ண வாடையும் நிறைந்திருக்கும். மழையில்லாத காலமாதலால் மரம் உலரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை ஓய்வுக் காலம். அது மழைக்காலமாதலால், அப்பகுதியினர் அடிப்பாக வேலையை மழைக்கு முன்னர் முடித்தோ, கூரைக்குக் கீழ் செய்தோ தீரவேண்டும்.

61 நாள் உள்ளனவே என்று கடைசி வாரம் வரையில் காத்திருப்பது வழக்கமாயிருக்கிறது. அப்பொழுது எல்லாப் படகுகளும் ஒரே சமயத்தில் தச்சரையும், கரையேற்றும் மேடையையும், வர்ணத்தையும் தேடுகின்றன. கூலியும் விலையும் ஏறுகின்றன. ஈரம் உலராத பலகைமேல் அவசரமாகப் பூசப்படும் வர்ணம் ஆடி மாதத்திற்குள் உரிந்துபோகிறது.

நாளிலும் வேளை பார்க்கவேண்டும். அதிகாலையில் பனி படர்ந்த பலகைமேல் பூசலாகாது. பனி உலர்ந்தபின் தொடங்கி, வெயில் கடுமையாகுமுன் நிறுத்துவது நன்று. கையை வைத்தால் சுடும் பலகைமேல் பூசினால் மேற்பரப்பு உடனே ஆடை கட்டி, உள்ளே அடைபட்ட ஆவி கொப்புளமாக எழும்பும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் உப்பையும் மணலையும் ஈர வர்ணத்தின்மேல் கொண்டுவந்து ஒட்டும். ஆகையால் முற்பகலே உத்தமம். கிழக்குப் பக்கத்தைக் காட்டிலும் மேற்குப் பக்கம் அப்பொழுது நிழலாயிருக்குமாதலால் அங்கே முதலில் பூசலாம்.

4. பூசுமுன் செய்யவேண்டியவை

வர்ண வேலையில் பெரும்பகுதி வர்ண டப்பாவைத் திறக்குமுன் செய்யப்படுவது. இதில் சோம்பினவர்களுக்கு விலையுயர்ந்த வர்ணமும் பயன்படாது.

படகு கரையேறிய அன்றே, அடிப்பாகம் ஈரமாயிருக்கும்போதே கொட்டலசைச் சுரண்டிவிட வேண்டும். உலர்ந்துவிட்டால் அது மரத்தோடு இறுகிப்போகும், சுரண்டும்போது பலகையும் சேர்ந்து பெயரும். பிறகு நல்ல நீரால் தாராளமாகக் கழுவவேண்டும். உப்பு படிந்த பலகைமேல் வர்ணம் பூசினால், அவ்வுப்பு ஈரத்தை இழுத்து வர்ணத்தை உள்ளிருந்தே தள்ளிவிடும். கடல் நீரால் கழுவுதல் கழுவுதலாகாது.

அடுத்தது பரிசோதனை. சிறு சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிவர வேண்டும். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்ட மரம் மழுங்கிய ஓசை தரும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்க்கவேண்டும். ஊசி எளிதில் இறங்குமாயின் அப்பலகையை மாற்றுவதேயன்றி வேறு வழியில்லை. அரிக்கப்பட்ட பலகையை மக்கு இட்டு மூடி வர்ணம் பூசுவது, புண்ணை மூடிக் கட்டி உள்ளே சீழ் வைப்பதற்கு ஒப்பாகும். நடுக்கடலில் அப்பலகை விடும்போது போவது பலகை மட்டுமன்று, படகிலுள்ளோர் உயிரும் அபாயத்திற்குள்ளாகும்.

உலர்த்துவதில் ஒரு நிதானம் வேண்டும். ஈரம் போகாவிட்டால் வர்ணம் ஒட்டாது. சித்திரை வைகாசி வெயிலில் வெகுநாள் வெறுமனே கிடந்தால் பலகைகள் சுருங்கிப் பொருத்துக்கள் வாய் திறந்துவிடும். ஆகவே சில நாள் காற்றாட உலர்த்தியபின், வேலை நடவாத பக்கங்களைத் தென்னங்கீற்றாலோ பாயாலோ மறைத்து வைக்கவேண்டும். ஈரம் போயிற்றா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைப் பலகைமேல் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கவேண்டும். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் காணப்பட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது பொருள்.

பின்னர் கலப்பற்று வேலை. பொருத்துக்களில் கெட்டுப்போன பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சுத்திரியை உளியால் சீராகச் செலுத்த வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது வங்கிலிருந்து விலகும். திரி இட்டபின் பொருத்தின் இரு ஓரங்களுக்கும் முதற்பூச்சு கொடுத்து, அதன்மேல் மக்கு இடவேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் வறண்ட மரம் மக்கிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிட, மக்கு பொடியாக உதிரும். மக்கைப் பலகை மட்டத்திற்குச் சிறிது தாழவே நிறுத்தவேண்டும். படகு நீரில் இறங்கிப் பலகை பருத்தவுடன் அது தானே மட்டத்திற்கு வரும்.

கடைசியாக, உரிந்துகொண்டிருக்கும் பழைய வர்ணத்தைச் சுரண்டி, உறுதியாயிருப்பதை உப்புத்தாளால் தேய்த்து மெருகு நீக்கி, தூசியைத் துடைத்துவிட வேண்டும். அடிப்பாகத்திலுள்ள செப்பு வர்ணத்தை மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீர் ஊற்றி ஈரமாகவே தேய்க்கவேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.

5. பூசும் முறை

வெறும் மரத்திற்கு முதற்பூச்சு சிறிது நீர்த்ததாயிருக்க வேண்டும். அப்பொழுதுதான் அது மரத்தினுள் இறங்கும். பலகைகளின் வெட்டுமுகம் மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமாக ஈரத்தைக் குடிப்பதால், அங்கே இரண்டு மூன்று முறை பூசவேண்டும். வர்ணத்தை நீர்க்கச் செய்ய அவ்வர்ணத்திற்கென்று குறிப்பிடப்பட்ட தைலத்தையே சேர்க்கவேண்டும். கைக்கு எளிதாய்க் கிடைக்கிறதென்று டீசலோ மண்ணெண்ணெயோ கலந்தால் வர்ணம் சரிவர உலராது.

தடித்த ஒரு பூச்சைக் காட்டிலும் மெல்லிய இரண்டு பூச்சு மேலானது. தடித்த பூச்சு மேலே உலர்ந்து உள்ளே பச்சையாக நின்று சுருங்கும். இரண்டு பூச்சும் ஒரே நிறமாயிருந்தால் எங்கே விட்டுப்போயிற்றென்று தெரியாது. முதற்பூச்சின் நிறத்தைச் சிறிது மாற்றிவைத்துக்கொண்டால், இரண்டாம் பூச்சில் விடுபட்ட இடம் தானே கண்ணில் படும்.

செப்பு வர்ணத்தில் செம்பு கனமானதாதலால் டப்பாவின் அடியில் தங்கிவிடும். அடிவரையில் கலக்காமல் மேலாக எடுத்துப் பூசினவர் விலை கொடுத்து வாங்கிய காப்பை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார். வேலை நடக்கும்போதும் அடிக்கடி கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வர்ணத்தின்மேல் அழகிற்காக வேறு வர்ணம் பூசினால் செம்பு கரைவது தடைபட்டு, டேவி கண்ட பலனே கிட்டும். இரும்பு பொருந்திய இடங்களில் துருக்காப்புப் பூச்சு முழுவதும் மூடிய பின்னரே இதனைப் பூசவேண்டும். சுக்கான், சுழல்விசிறி இவற்றின் அருகில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டிகளின்மேல் எந்த வர்ணமும் படலாகாது. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் கரைந்து அவற்றைக் காப்பதே அக்கட்டிகளின் வேலை.

நீர்மட்டக் கோடு, ஏரா, அணியத்தின் விளிம்பு, சுக்கானின் ஓரம் ஆகிய இடங்களில் தேய்மானம் அதிகம். அங்கே ஒரு பூச்சு அதிகமாகக் கொடுக்கவேண்டும். முட்டுக்கட்டைகள் தாங்கியிருக்கும் இடங்களையும் மறத்தலாகாது. கட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்து அவ்விடங்களையும் பூசாவிட்டால், நான்கு விரலகலம் வெறும் மரம் நீருக்குள் செல்லும். கப்பற்புழுவுக்கு அவ்வளவும் வேண்டுவதில்லை, குண்டூசித் தலையளவு போதும். உள்ளே புகுந்தபின் பூசிய பலகைக்குள்ளும் அது தாராளமாகச் செல்லும்.

அடிப்பாக வர்ணத்தின் கடைசிப் பூச்சிற்கும் படகை நீரில் இறக்குவதற்கும் இடையே குறைந்தது எவ்வளவு நேரம், அதிகம் எத்தனை நாள் செல்லலாம் என்பது டப்பாவின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்து, இறக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் குறிக்கவேண்டும். முடிவில் பதிவு எண்ணைத் தெளிவாகத் திரும்ப எழுதி, சர்க்கார் விதித்துள்ள நிறத்தையும் மீன்துறை உத்தியோகஸ்தரிடம் கேட்டறிந்து பூசுதல் அவசியம்.

6. எவ்வளவு வர்ணம் வேண்டும்

கண்மதிப்பாக வாங்கினால் மிஞ்சும், அல்லது நடுவில் குறையும். குறைந்தால் பூச்சு மெலியும். எளிய கணக்கு பின்வருமாறு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை, அகலமும் நீருக்குள் அமிழும் ஆழமும் சேர்ந்த தொகையால் பெருக்கவேண்டும். உருண்டு நிறைந்த அடியுடைய படகிற்கு அத்தொகையே பரப்பாகும். நடுத்தரமானதற்கு முக்கால் பங்கும், ஆழம் குறைந்து தட்டையானதற்குப் பாதியும் கொள்ளலாம்.

உதாரணமாக, நீளம் 12 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் 1½ மீட்டர் உள்ள நடுத்தரப் படகிற்கு, 12-ஐ 5½-ஆல் பெருக்க 66. அதில் முக்கால் பங்கு ஏறக்குறைய 50 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்குப் போதும் என்று டப்பாவில் கண்டிருந்தால், ஒரு பூச்சிற்கு 6¼ லிட்டரும், இரண்டு பூச்சிற்கு 12½ லிட்டரும் வேண்டும். தேய்மான இடங்களுக்கும் சேதத்திற்கும் சேர்த்து 14 லிட்டர் என்று கொள்ளலாம்.

7. தேகத்திற்கும் துறைமுகத்திற்கும் பாதுகாப்பு

புழுவைத் தடுக்கும் வர்ணம் விஷமாகவே இருக்கும். பழைய பூச்சில் ஈயமும் கலந்திருக்கக்கூடும். ஆகையால் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் தகுந்த முகமூடியால் மூடவேண்டும். கையைக் கழுவாமல் உணவோ வெற்றிலையோ தொடலாகாது. குழந்தைகளை அருகில் விளையாட விடக்கூடாது. சுரண்டிய தூளைக் கீழே விரித்த தார்ப்பாயில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டுமேயன்றி மணலில் புதைப்பதும் நீரில் தள்ளுவதும் தகாது. அத்தூள் சேருமிடம் மீன்குஞ்சும் இறாலும் வளரும் கரையோர நீரே.

இவ்விஷயத்தில் உலகம் ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. 1960-களிலிருந்து வெள்ளீயச் சேர்க்கை கலந்த அடிப்பாக வர்ணம் மிகச் சிறந்ததென்று எங்கும் பரவியது. பிரான்சு தேசத்து ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்போர் தங்கள் சிப்பிகளின் ஓடு கோணி, குஞ்சு பெருகாமற் போவதைக் கண்டனர். காரணம் அவ்வர்ணமே என்று தெரிந்து, 1982-இல் அத்தேசத்தார் சிறு படகுகளில் அதனைத் தடுத்தனர். 2001-இல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டு 2008-இல் அமலுக்கு வந்தது. படகைக் காத்த மருந்து கடலின் விளைவைக் கெடுத்தது என்பதை மீனவர் ஒருபோதும் மறத்தலாகாது. விலை மலிவென்று பெயர் தெரியாத வர்ணத்தை வாங்குவதில் இவ்வபாயமும் உண்டு.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், எண்ணெய் உலரும்போது உண்டாகும் உஷ்ணத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தவோ, நீரில் போட்டு வைக்கவோ வேண்டும்.

8. சங்கம் செய்யக்கூடியவை

சென்னை மாகாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்களைப் பற்றி ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை வெளியிட்ட பிரெடரிக் நிக்கல்சனே, 1905-இல் அம்மாகாணத்து மீன்தொழிலை ஆராயும் பொறுப்பையும் ஏற்றார். கடனும் மீன்தொழிலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதைக் கடற்கரையில் வசிப்போர் நன்கு அறிவர். ஓய்வுக் காலத்தில் வருவாய் நின்றுபோகிறது. அக்காலத்திலேயே பழுதுபார்க்கும் செலவும் வந்துசேர்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கும் கட்டுப்பாடும் கூடவே வருகிறது. முன்பணம் வேண்டாமென்று வர்ணத்தை நிறுத்தினாலோ, அடுத்த வருஷம் பலகை மாற்றுவதற்காகப் பன்மடங்கு முன்பணம் வாங்க நேரிடும். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டவனுக்கு வழிகாட்டுவது சங்கமே.

முதலாவது, சேமிப்பு. படகு ஓடும் மாதங்கள் ஏறக்குறைய பத்து. உதாரணத்திற்காக, ஒரு படகின் வருஷாந்தர வர்ணச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,000 ரூபாய் சங்கத்தில் தனிக்கணக்கில் செலுத்தி வரவேண்டும். மீன் விற்ற பணம் கைக்கு வருமுன் சங்கமே பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தால் பாரம் தெரியாது. சித்திரை பிறக்கும்போது வர்ணப் பணம் கையில் இருக்கும்.

இரண்டாவது, ஒன்றுசேர்ந்து வாங்குதல். மேற்கண்ட அளவுள்ள 12 படகுகளுக்கு 168 லிட்டர் வேண்டும். தனித்தனியே 14 லிட்டர் வாங்குவோரைக் காட்டிலும் 168 லிட்டர் வாங்குவோருக்கு விலை பேச இடமுண்டு. முத்திரை, தயாரித்த தேதி இவற்றை மூவர் கொண்ட சிறு கமிட்டி பார்த்து ஏற்கலாம்.

மூன்றாவது, முறைவைத்தல். 61 நாளையும் படகுகளுக்குப் பங்கிட்டு, எந்தப் படகு எந்நாளில் மேடையேறும் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்தால் கடைசி வார நெருக்கடி இராது. சென்ற வருஷம் கடைசியாக ஏறியவர் இவ்வருஷம் முதலில் ஏறலாம்.

நான்காவது, சோதனையும் பதிவும். ஒரே மரத்தில் மூன்று சிறு பலகைகள் செய்து, ஒன்றை வெறுமனேயும், ஒன்றிற்கு எண்ணெய் மட்டும் பூசியும், மற்றொன்றிற்குச் சங்கம் வாங்கிய வர்ணம் பூசியும் துறைமுகச் சுவரிலிருந்து நீருக்குள் தொங்கவிட வேண்டும். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, சில மாதங்கள் சென்றபின் மூன்றையும் கூட்டத்தில் பிளந்து காட்டவேண்டும். வர்ணம் அலங்காரமென்று கூறுவோருக்கு அதுவே விடையாகும். அன்றியும் ஒவ்வொரு படகிற்கும் கரையேறிய நாள், மாற்றிய பலகை, வர்ணத்தின் பெயர், செலவான லிட்டர், நீரில் இறங்கிய நாள், மறுவருஷம் கண்ட நிலை இவற்றைப் பதிவேட்டில் எழுதிவந்தால், சில வருஷங்களில் எந்த வர்ணம் அத்துறைக்கு ஏற்றது என்பதைச் சங்கமே தன் அநுபவத்தால் அறியும். கடைக்காரர் சொல்லை நம்பவேண்டுவதில்லை.

9. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

(1) சென்ற வருஷம் நமது துறையில் மாற்றப்பட்ட பலகைகள் எத்தனை? அவற்றில் முட்டுக்கட்டை இருந்த இடத்திலும் பொருத்துக்களிலும் கெட்டவை எத்தனை?

(2) கொட்டலசு சுரண்டுமுன் ஒரு நாளைக்குச் செலவான எண்ணெய் எவ்வளவு? வர்ணம் பூசி இறக்கியபின் எவ்வளவு?

(3) கழுவுவதற்கு மேடையருகில் நல்ல நீர் கிடைக்கிறதா? இல்லையெனில் அதற்குச் செய்யவேண்டுவது என்ன?

(4) சுரண்டிய தூளும் காலி டப்பாக்களும் இப்பொழுது எங்கே போகின்றன?

(5) வர்ணச் சேமிப்புக் கணக்கை எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம்?

ஐந்தாம் வினாவிற்கு விடை, படகுகள் ஓய்வு முடிந்து முதன்முதல் மீனோடு கரை திரும்பும் மாதமே என்பதாகும். அன்று தொடங்கினவர்கள் அடுத்த ஓய்வுக் காலத்தில் எவரிடமும் முன்பணம் கேளாமல் வர்ண டப்பாவைத் திறக்கலாம்.